“எல்லா டெஸ்க்டாப்புக்கும் ஒரே ராம்தான்” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள் என்பதால் காலையிலேயே மனு அடிக்க ஆட்கள் வந்து நின்றுவிடுவார்கள். போன மாதம் ஒரு திங்கட்கிழமை, வந்தவர்களையெல்லாம் கம்ப்யூட்டர் இல்லை என்று திருப்பி அனுப்பினேன். தூரத்துக் கிராமத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த ஒரு பாட்டியும் அதில் உண்டு. எல்லாம் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ராம் என்ற மெமரித் துண்டு ஒன்றால் வந்தது.

என்னுடையது பழைய டெஸ்க்டாப். இரண்டாம் தலைமுறை ஐ3 ப்ராசஸர், ஹெச்61 மதர்போர்டு, 4 ஜிபி ராம். பிரவுசரில் நாலு டேப்பும் ஒரு பிடிஎஃப்பும் திறந்தாலே திணறும். தம்பி வீட்டில் சும்மா கிடக்கும் கம்ப்யூட்டரில் 8 ஜிபி ராம் இருக்கிறது. அதைக் கழற்றி இதில் போடலாமா என்று கேட்கத்தான் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திருப்பாதிரிப்புலியூரில் ஒரு சர்வீஸ் கடைக்குப் போனேன்.

“தாராளமா போடலாம்க்கா. எல்லா டெஸ்க்டாப்புக்கும் ஒரே ராம்தான். அதுக்கு ஏன் தம்பி வீட்டுக்கு அலையணும்? வேற சிஸ்டத்துல கழட்டின 8 ஜிபி என்கிட்டயே இருக்கு, 1,400 கொடுங்க” என்றார் கடைக்காரர். போனிலேயே பணம் அனுப்பினேன். பில் கேட்கவில்லை. பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை சாயங்காலம்தான் கூப்பிட்டார். ரப்பர் போட்டுத் தேய்த்துப் பார்த்தாராம், ஸ்லாட் மாற்றிப் பார்த்தாராம், பீப் சத்தம் மட்டும் வருகிறது, டிஸ்ப்ளே வரவில்லையாம். “போர்டு வீக்கா இருக்கு. 4,500 ஆகும், வேற போர்டு போட்டுடலாம்” என்றார். வேண்டாம், பழையபடியே கொடுங்கள் என்றேன். பழைய ராமைப் போட்டுக் கொடுத்தார். விற்ற 8 ஜிபியைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியாது என்று அதையும் என் கையிலேயே திணித்தார்.

வீட்டுக்கு வந்து போட்டால் முன்னைவிட மோசமாக ஓடியது. என் மகள் டாஸ்க் மேனேஜரைத் திறந்து மெமரி பக்கத்தைக் காட்டினாள். 2 ஜிபி. போன வருஷம் தூசி தட்டும்போது பெட்டியைத் திறந்து எடுத்த போட்டோ ஒன்று என் போனில் இருந்தது. அதில் ராமின் லேபிள் தெளிவாகத் தெரிகிறது: 4 ஜிபி, சீரியல் எண்ணோடு. இப்போது உள்ளே இருந்தது வேறு கம்பெனி, வேறு எண்.

மறுநாள் பஸ் பிடித்து, புதுச்சேரி நெல்லித்தோப்பு பக்கம் சர்வீஸ் பார்க்கும் ஒருவரிடம் போனேன். தம்பி வீட்டு ராமையும் கழற்றி எடுத்துப் போயிருந்தேன். அவர் முதலில் எடுத்தது ஸ்க்ரூடிரைவரை அல்ல, நான் 1,400 கொடுத்து வாங்கிய ராமின் லேபிளைத்தான் படித்தார். பிசி3-12800 என்ற எண்ணுக்குப் பின்னால் ஆங்கில எழுத்து ஆர் இருந்தது. சாதாரண டெஸ்க்டாப் ராம் என்றால் அங்கே யூ இருக்க வேண்டும். லேப்டாப் ராம் என்றால் எஸ். ஆர் என்றால் பெரிய சர்வர் கம்ப்யூட்டர்களுக்கான ரிஜிஸ்டர்டு ராம். இதுவும் என்னுடையதைப் போல டிடிஆர்3 தலைமுறைதான், 240 பின்தான் (கீழே வரிசையாக இருக்கும் தொடர்புப் பட்டைகள்), காடி, அதாவது கீழ் விளிம்பில் உள்ள வெட்டு, இருக்கும் இடமும் அதேதான். அதனால் ஸ்லாட்டில் அழகாக உட்காரும், ஆனால் என்னுடையது போன்ற சாதாரண போர்டில் பூட் ஆகாது. எத்தனை ரப்பர் தேய்ந்தாலும் ஆகாது. போர்டில் ஒரு கோளாறும் இல்லை. வாங்கியிருந்தால் 4,500 ரூபாயும் வீண்.

அப்புறம் தம்பியின் ராமை அதன் பக்கத்தில் வைத்துக் காட்டினார். நீளம் ஒன்றுபோல இருந்தாலும் கீழே இருக்கும் காடி வேறு இடத்தில் இருக்கிறது. அது டிடிஆர்4, 288 பின். டிடிஆர்3க்கு 1.5 வோல்ட், டிடிஆர்4க்கு 1.2 வோல்ட். டிடிஆர்5க்கும் 288 பின்தான், ஆனால் காடி மறுபடியும் இடம் மாறியிருக்கும். ஒரு தலைமுறை ராம் இன்னொரு தலைமுறை ஸ்லாட்டில் போகவே கூடாது என்றுதான் காடியை மாற்றி வைக்கிறார்கள். அழுத்தித் திணித்தால் ஸ்லாட் உடையும். ஆக, நான் முதலில் கேட்ட கேள்விக்கு நேர்மையான பதில் “போடவே முடியாது” என்பதுதான். அதைச் சொல்ல ஒரு நிமிஷம் போதும்.

ஒரே தலைமுறை, இரண்டுமே டெஸ்க்டாப் ராம் என்றால் ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிப் போடலாம், பெரும்பாலும் ஓடும். ஒரே கம்ப்யூட்டரில் போடும் இரண்டு ராமின் வேகம் வேறுவேறாக இருந்தால் இரண்டும் குறைந்த வேகத்துக்கு இறங்கிவிடும். என் ஐ3 தாங்குவது 1333 வரைதான், 1600 ராம் போட்டாலும் 1333ல்தான் ஓடும். ஹெச்61 போர்டில் ஒரு ஸ்லாட்டுக்கு 8 ஜிபி, மொத்தம் 16 ஜிபிக்கு மேல் ஏறாது. ஏஎம்டி போர்டில் மட்டும் ஓடும் டிடிஆர்3 ராம்கள் மலிவு விலையில் சுற்றுகின்றன, இன்டெல் போர்டு வைத்திருப்பவர்கள் அதையும் கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். ஆபீஸ்களில் இருக்கும் கையடக்கப் பெட்டிகள் பலவற்றில் லேப்டாப் ராம்தான் இருக்கும், பெயர்தான் டெஸ்க்டாப்.

இவ்வளவும் சொல்லி, சரியான 8 ஜிபி ராம் ஒன்றைப் போட்டு, என் கண்முன்னாலேயே ஆன் செய்து காட்டி, பில்லும் கொடுத்தார்.

திருப்பாதிரிப்புலியூர் கடைக்காரரிடம் திரும்பப் போனபோது “பழைய பொருளுக்கு வாரண்டி கிடையாதுக்கா” என்றார். 4 ஜிபி ராம் பற்றிக் கேட்டதற்கு, வந்ததே 2 ஜிபிதான் என்று சாதித்தார். எனக்கு உடம்பெல்லாம் பதறியது. நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசினேன். அதன் பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கான மனுவை நானே உட்கார்ந்து அடித்தேன். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, சம்பவம் நடந்து 2 வருஷத்துக்குள் கொடுக்கலாம். பில் இல்லாவிட்டாலும் பணம் அனுப்பிய பதிவும் பழைய போட்டோவும் என்னிடம் இருந்தன. நகலை அவர் மேஜையில் வைத்ததும் 1,400 ரூபாயை எடுத்துக் கொடுத்துவிட்டார். 4 ஜிபி ராமை மட்டும் இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை.

அது பழைய ராம், விட்டுத்தள்ளு என்கிறான் தம்பி. நான் விடவில்லை. மனுவில் 1,400 ரூபாய் பற்றிய பத்தியை எடுத்துவிட்டு, சீரியல் எண்ணையும் போட்டோவையும் சேர்த்துத் திருத்தி வைத்திருக்கிறேன். புதன்கிழமை கொடுக்கப் போகிறேன்.