ஆக்சில், டிரான்ஸ்ஃபர் கேஸ் பாகங்களைப் பவுடர் கோட்டிங்குக்குக் கொடுக்கப் போகிறவர்கள் கவனத்திற்கு

பழைய வண்டியைப் பிரித்துப் போட்டுப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறீர்களா? எண்ணெய் ஓடுகிற எந்தப் பாகத்தையும், வீட்டு கேட்டுக்கும் ஜன்னல் கம்பிக்கும் பவுடர் அடிக்கிற (உலர்ந்த வண்ணத் தூளைத் தூவி ஓவனில் சுட்டுப் பூசுகிற) கடையில் கொடுத்துவிடாதீர்கள். பார்க்க அழகாகத்தான் செய்து தருவார்கள். எனக்கும் அப்படித்தான் செய்து தந்தார்கள்.

என்னுடையது லேண்ட் ரோவர் சீரிஸ் த்ரீ, 1971லிருந்து 1985 வரை வந்த வகை. இங்கே சிங்கப்பூரில் பழைய வண்டிகளுக்கான கிளாசிக் வாகனத் திட்டத்தில் பதிந்தால் ஆண்டுக்கு 45 நாள்தான் சாலையில் ஓட்டலாம். அதனால் எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை. பின் ஆக்சில் கேசிங் (பின் சக்கர அச்சின் கூடு), என்ஜின் விசையை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் அலுமினியக் கூடு, விசையை அச்சுக்குக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்டைப் போல்ட்டால் இணைக்கும் இரண்டு ஃபிளேஞ்ச் ஆகியவற்றை வடக்குப் பக்கத் தொழிற்பேட்டை ஒன்றில் இருக்கும் கடைக்குக் கொண்டுபோனேன். பேரிங், ஆயில் சீல் எல்லாவற்றையும் முன்பே கழற்றியிருந்தேன். பேரிங் உட்காரும் துளை, மரைத் துளை, கேஸ்கட் முகம் என்று பவுடர் படக்கூடாத இடங்களை மார்க்கரால் வட்டமிட்டுப் படம் எடுத்து, வாட்ஸ்அப்பிலும் அனுப்பினேன். டவ்கே, அதாவது கடை முதலாளி, பார்த்துவிட்டு "கேன், கேன்" (முடியும், முடியும்) என்றார். அங்கே வேலை பார்க்கிற தஞ்சாவூர்த் தம்பி, "கவலைப்படாதீங்கண்ணே, பைக் ரிம் எல்லாம் நிறைய அடிச்சிருக்கோம்" என்றார். ரிம்முக்குள்ளே என்ன எண்ணெயா ஓடுகிறது?

திரும்பி வந்தபோது எல்லாம் கறுப்பாகப் பளபளத்தன, உள்ளேயும் சேர்த்து. பவுடர் படாமல் மறைக்கிற மாஸ்கிங் டேப்பே ஒட்டவில்லை.

இதில் என்ன கெட்டுப்போனது என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். பவுடர் ஒரு பூச்சுக்கே 60 முதல் 80 மைக்ரான் வரை ஏறும். துளையின் இரு பக்கமும் ஏறினால் விட்டத்தில் 0.12 மில்லிமீட்டருக்கு மேல் குறைந்துவிடும். பேரிங் பொருந்துவதோ மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு, இரண்டு பங்கு கணக்கில். உள்ளே போகவே போகாது. தட்டி இறக்கினால் பூச்சு சுரண்டிக்கொண்டு வரும், பேரிங்கும் கோணலாக உட்காரும். ஃபிளேஞ்ச் இன்னும் மோசம். இரண்டு முகத்துக்கும் நடுவில் பிளாஸ்டிக் படலம் இருந்தால் போல்ட்டை எவ்வளவு இறுக்கமாக முறுக்கினாலும் ஓட ஓட அந்தப் படலம் நசுங்கும், போல்ட் தளரும். ஓடுகிற வண்டியில் ஷாஃப்ட் கழன்று தொங்கினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இவை கண்ணுக்குத் தெரிகிற தப்பு, சுரண்டியாவது சரிசெய்யலாம். என்னை உண்மையில் பயமுறுத்தியது ஆக்சில் கேசிங்கின் உட்புறம். துருவையும் பழைய பெயிண்டையும் எடுக்கத் துகளைப் பீய்ச்சியடிக்கிற பிளாஸ்டிங் செய்யும்போது, கேசிங் குழாயின் முனைகளையும் காற்றுப் போகும் பிரீதர் துளையையும் அடைக்கவில்லை. பீய்ச்சியடித்த கார்னெட் என்கிற கனிமத் துகள் உள்ளே புகுந்து, பழைய எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டிக்கொண்டது. அதன் மேலேயே பவுடர் அடித்து, சுமார் 200 டிகிரி சூட்டில் ஓவனில் வேகவைத்துவிட்டார்கள். விரலால் தடவினால் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு. வண்டி ஓடி எண்ணெய் சூடாகும்போது அந்தப் பூச்சு கொஞ்சம் கொஞ்சமாக உரிந்து, துகளோடு அச்சின் நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியல் பல்சக்கரங்களுக்குள் போகும். கார்னெட் பேரிங் எஃகைவிடக் கடினமானது. எண்ணெய் வடிக்கும் டிரெயின் பிளக்கில் காந்தம் வைத்திருப்பவர்களும் நிம்மதியாக இருக்க முடியாது, காந்தம் இரும்புத் தூளைத்தான் பிடிக்கும்.

அலுமினியக் கூட்டில் வேறு கதை. பல வருஷம் எண்ணெய் குடித்த வார்ப்பு அது. முதலில் வெறுமனே ஓவனில் வைத்துச் சூடாக்கி, உள்ளே இருக்கிற எண்ணெயையும் காற்றையும் வெளியேற்ற வேண்டும், அப்புறம்தான் பவுடர். அதைச் செய்யாததால் மேற்பரப்பு முழுக்கக் கொப்புளமும் ஊசித்துளையும்.

புகார் சொன்னதும் டவ்கே கோபப்படவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். "டேங்கில் போட்டு உரித்துத் தருகிறேன், மறுபடி அடிக்கலாம்" என்றார். எந்த டேங்க் என்று கேட்டேன். காஸ்டிக் சோடா. அலுமினியத்தைக் காஸ்டிக்கில் போட்டால் பெயிண்டோடு உலோகமும் கரையும். ஏற்கெனவே அளவு கெட்டுக் கிடக்கும் துளைகளுக்கு அது சமாதி. கூட்டைக் கையோடு தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். பணத்தைத் திருப்பிக் கேட்டபோதுதான் அவர் பேச்சு மாறியது: மாஸ்கிங்குக்குத் தனிக் கட்டணமாம், நான் அதைக் கேட்கவே இல்லையாம். நான் அனுப்பிய படங்களுக்குக் கீழே அவர் போட்ட கட்டைவிரல் இன்னும் என் போனில் இருக்கிறது.

பயனீட்டாளர் சங்கத்தில் பேசிப் பார்த்தேன், கடைக்காரர் இறங்கி வரவில்லை. இப்போது சிறு தொகை வழக்குகளுக்கான ஸ்மால் கிளெய்ம்ஸ் டிரிபியூனலில் பதிந்திருக்கிறேன். 20,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரையிலான கோரிக்கையை இரண்டு வருஷத்துக்குள் அங்கே கொண்டுபோகலாம், வக்கீல் வைக்க முடியாது, ஆன்லைனிலேயே பதியலாம். விசாரணை நடப்பதால் கடையின் பெயரை இங்கே போடவில்லை.

வேறு கடைக்குப் போகிறவர்கள், அவர்கள் எதைக் கொண்டு அடைப்பார்கள் என்று முதலில் கேளுங்கள். சூடு தாங்குகிற பச்சை டேப்பையும் சிலிக்கான் அடைப்பான்களையும் எடுத்துக் காட்டாத கடையில் பேச்சை வளர்க்க வேண்டாம். பிளாஸ்டிங்குக்கு முன்பே துளைகளை அடைப்பார்களா, பிளாஸ்டிங் முடிந்த பிறகா என்பதையும் கேளுங்கள். அந்தப் பதிலிலேயே ஆளைத் தெரிந்துவிடும். மாஸ்கிங்கைப் பில்லில் தனி வரியாக எழுதச் சொல்லுங்கள், கூடக் கொஞ்சம் கொடுத்தாலும் பரவாயில்லை.

ஆக்சில் கேசிங்குக்கு வேறொன்று தேடிக்கொண்டிருக்கிறேன், கிடைத்தால் இரண்டு பாகமாக வந்து கலந்து அடிக்கிற டூ-பேக் எபாக்ஸி பெயிண்டை நானே தூரிகையால் அடித்துக்கொள்வேன். டிரான்ஸ்ஃபர் கேஸை உரித்துச் சுத்தம் செய்து, துளைகளின் அளவு தேறினால், வெறும் அலுமினியமாகவே மாட்டப்போகிறேன். தொழிற்சாலையிலிருந்து அது அப்படித்தான் வந்தது.