46,000 கிலோமீட்டருக்குப் பிறகு: வெளி மார்க்கெட் சஸ்பென்ஷனும் இடது பக்கத்து ‘டொக்’கும்

என்னுடைய 2014 மாடல் டீசல் ஹேட்ச்பேக்கில் பழைய ஷாக் அப்சார்பர்களில் எண்ணெய் கசிய ஆரம்பித்ததும், மூன்று வருஷத்துக்கு முன்னால் வெளி மார்க்கெட் (கார் கம்பெனியுடையது அல்லாத) சஸ்பென்ஷன் செட் ஒன்றைப் போட்டேன். கேஸ் ஷாக் நான்கு, கொஞ்சம் விறைப்பான ஸ்பிரிங் நான்கு, முன்பக்கத்துக்குப் புது டாப் மவுண்ட் (ஷாக்கின் தலையை வண்டி பாடியோடு சேர்க்கும் ரப்பர் தாங்கி). உயரத்தைக் குறைக்கவில்லை. கூலியோடு 38,000 ரூபாய்.

மலைப்பாதையில் வித்தியாசம் உடனே தெரிந்தது. காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். முன்பெல்லாம் பாதி வழியிலேயே அம்மா வண்டியை நிறுத்தச் சொல்லிவிடுவார். இப்போது செம்மேடு வரை பேசிக்கொண்டே வருகிறார். ஐந்து பேர் ஏறினாலும் பின்பக்கம் அடிவாங்குவதில்லை. காங்கிரீட் ரோட்டு இணைப்புகள் மட்டும் முன்பைவிடக் கூடுதலாக உடம்பில் தெரியும். எனக்கு அது பரவாயில்லை.

எட்டாவது மாதம் சத்தம் வந்தது. இடது முன்பக்கம், மெதுவாகப் போகும்போது ‘டொக்... டொக்’. போட்ட கடையில் காட்டினேன். லிங்க் ராடு (வளைவில் வண்டி சாயாமல் தடுக்கும் ஸ்டெபிலைசர் பாரைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் சின்னக் கம்பி) என்றார்கள், இரண்டையும் மாற்றினார்கள். சத்தம் அப்படியே இருந்தது. அடுத்து லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் கை) என்றார்கள், அதையும் மாற்றினார்கள். 7,400 ரூபாய் போனதுதான் மிச்சம். பணத்தைவிட, ஷாக்கே மட்டம் என்று அவர்கள் கையை விரித்ததுதான் எனக்கு உறுத்தியது.

அதற்குப் பிறகு ஒரு வாரம் ரேடியோ போடாமல், கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டினேன். எங்கே வருகிறது, எங்கே வரவில்லை என்று குறித்துக்கொண்டேன். பெரிய வேகத்தடையில் மெதுவாக ஏறி இறங்கினால் வரவில்லை. பிரேக் பிடித்தால் வரவில்லை. நின்ற இடத்தில் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்தாலும் வரவில்லை. ஜல்லி பெயர்ந்த தெருவில் இருபது கிலோமீட்டர் வேகத்தில் போனால் மட்டும் தவறாமல் வந்தது.

இந்தக் குறிப்போடு நாமக்கல்லில் லாரி வேலை பார்த்துப் பழகிய ஒரு பெரியவரிடம் போனேன். முதலில் லிங்க் ராடு இரண்டையும் கழற்றிவிட்டு, "மெதுவா ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க தம்பி" என்றார். சத்தம் வந்தது. லிங்க் ராடு கழன்றால் ஸ்டெபிலைசர் பாருக்கும் வேலை இல்லை. ஆக லிங்க் ராடும் இல்லை, ஸ்டெபிலைசர் பாரைப் பிடிக்கும் ரப்பர் புஷ்ஷும் இல்லை. காசு செலவில்லாத இந்தச் சோதனையை முதல் நாளே செய்திருக்கலாம். பிரேக் பிடிக்கும்போது சத்தம் இல்லை என்றதும் லோயர் ஆர்ம் பக்கமே அவர் போகவில்லை.

பானெட்டைத் திறந்து, ஸ்ட்ரட் (ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தூண்) தலையில் இருந்த ரப்பர் மூடியை எடுத்தார். என் ஆள்காட்டி விரலைப் பிடித்து, பாதி நட்டின் மேலும் பாதி மவுண்ட் தகட்டின் மேலும் படும்படி வைத்தார். அவர் ஃபெண்டரை வேகவேகமாக அமுக்கி விட்டார். காதில் ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் விரலில் சுருக்கென்று ஒரு தட்டு. வலது பக்கம் அதையே செய்தபோது ரப்பரோடு மெத்தென்று ஏறி இறங்கியது. "காது ஏமாத்தும் தம்பி, விரல் ஏமாத்தாது" என்றார்.

ஸ்ட்ரட்டை இறக்கி, ஸ்பிரிங்கை கம்ப்ரஸரில் அழுத்தி நட்டைக் கழற்றினார். கம்ப்ரஸர் இல்லாமல் அந்த நட்டில் யாரும் கை வைக்காதீர்கள், அமுங்கிய ஸ்பிரிங் தெறித்தால் ஆளைக் காலி செய்துவிடும். வலது பக்கம் நட்டுக்கு அடியில் தடித்த வாஷர் ஒன்று இருந்தது. இடது பக்கம் அது இல்லை. அதனால் ஷாக்கின் ராடில் மரை முடிகிற இடத்தில் நட்டு போய் முட்டி நின்றிருக்கிறது. ஸ்பேனருக்கு இறுகினமாதிரி தெரியும், மவுண்டை மட்டும் கவ்வவில்லை. ரப்பர் புதிதாக இருந்தவரை தெரியவில்லை. அது படிந்ததும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளி விழுந்துவிட்டது. என் வண்டியில் ஸ்பிரிங்கின் பாரம் பேரிங் வழியாகத் தனியாகப் போகிறது. ராடில் வருவது ஷாக் இழுப்பதும் தள்ளுவதும் மட்டும். சின்ன மேடு பள்ளத்தில் அது சட்சட்டென்று திசை மாறும்போதெல்லாம் அந்த இடைவெளியில் தட்டியிருக்கிறது. வேகத்தடையில் மெதுவாக ஏறி இறங்கும்போது திசை அப்படிச் சட்டென்று மாறாது, அங்கே சத்தம் வராததற்கும் இதுதான் காரணம்.

வீட்டுக்குப் போய் பரணில் இருந்த செட்டின் பெட்டியைக் கொட்டினேன். தெர்மோகோல் மடிப்புக்குள், பிரிக்காத பாலித்தீன் கவரில், சட்டைப் பட்டனைவிடக் கொஞ்சம் பெரிய அந்த வாஷர் கிடந்தது.

மறுநாள் அதைப் போட்டு, ராடு சுழலாமல் ஆலன் கீயால் பிடித்துக்கொண்டு, டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) இறுக்கினார். தட்டித் தட்டி வேகமாக இறுக்கும் இம்பாக்ட் கன்னைத் தொடவே இல்லை. பிறகு வீல் அலைன்மென்ட். எல்லாம் சேர்த்து 1,300 ரூபாய். குறை சொல்லப்பட்ட அதே ஷாக்தான் இன்றும் ஓடுகிறது. அதற்குப் பிறகு 34,000 கிலோமீட்டர் ஓட்டியாயிற்று, சத்தம் இல்லை. டயர் சமமாகத் தேய்கிறது. பின் இடது ஷாக்கில் மட்டும் போன மாதத்திலிருந்து லேசாக எண்ணெய் ஈரம் தெரிகிறது. இந்தத் தடவை அதே செட்டை வாங்கி, பெட்டியைப் பெரியவர் கண் முன்னாலேயே பிரிக்கப்போகிறேன்.