ஹ்வாசோங் கொலைகள்: 3 திரைக்கதைகள், எதை முதலில் பார்ப்பது?

தென்கொரியாவின் கியோங்கி மாகாணத்தில் ஹ்வாசோங், அன்று ஒரு வயல்வெளிப் பகுதி. 1986 செப்டம்பர் முதல் 1991 ஏப்ரல் வரை அங்கே 10 பெண்கள் கொல்லப்பட்டார்கள். இந்த வழக்கிலிருந்து பிறந்தவற்றில் அதிகம் பேசப்படுபவை மூன்று: 'மெமரிஸ் ஆஃப் மர்டர்' (2003), 'கன்ஃபெஷன் ஆஃப் மர்டர்' (2012), 'சிக்னல்' தொடர் (2016).

முதலில் பார்க்க வேண்டியது இயக்குநர் போங் ஜூன்-ஹோவின் 'மெமரிஸ் ஆஃப் மர்டர்'தான். மற்ற இரண்டும் கொலைகாரனைத் துரத்துகின்றன. இது போலீஸ் விசாரணையையே கூண்டில் ஏற்றுகிறது. தொடக்கத்தில் வயலில் ஒரு பிணம். சுற்றிலும் வேடிக்கை பார்க்கும் கூட்டம். கிடைத்த ஒரே காலடித் தடத்தின் மேல் டிராக்டர் ஏறிப் போய்விடுகிறது. வழக்கு தோற்கப்போவது அங்கேயே தெரிந்துவிடும். பிறகு அடித்து வாங்கும் வாக்குமூலங்கள். ஆர்ப்பாட்டத்தை அடக்கப் போய்விட்டதால் ரோந்துக்குக் கிடைக்காத போலீஸ் படை. சர்வாதிகார ஆட்சிக்காலம் வசனமே இல்லாமல் கதைக்குள் வந்துவிடுகிறது.

சப்டைட்டிலில் தொலைந்துபோகும் ஓர் இடம் உண்டு. சுரங்கப்பாதை வாசலில் சந்தேக நபரிடம் துப்பறிவாளராக நடிக்கும் சாங் காங்-ஹோ கேட்கும் கேள்வி, ஏறக்குறைய நம் ஊர் "வேளாவேளைக்குச் சாப்பிடுறியா?"தான். ஆங்கிலத்தில் வெறும் விசாரிப்பாகத் தெரியும். தமிழ்க் காதுக்கு அதிலிருக்கும் கையாலாகாத வலி உடனே எட்டும்.

'கன்ஃபெஷன் ஆஃப் மர்டர்' வேறு கேள்வியைப் பிடிக்கிறது. அன்றைய சட்டப்படி கொலை வழக்குக்குக் காலவரம்பு 15 ஆண்டு. அதைத் தாண்டினால் வழக்குத் தொடர முடியாது. அது முடிந்ததும் ஒருவன் வெளியே வந்து, கொன்றது நான்தான் என்று புத்தகம் போட்டு நட்சத்திரமாகிறான். பிரமாதமான முடிச்சு. ஆனால் நடுவில் வரும் வாகனத் துரத்தல்கள் மிகை. பறிகொடுத்த குடும்பங்களின் துயரத்தை அவை அமுக்கிவிடுகின்றன. விறுவிறுப்பு மட்டும் போதுமென்றால் இது ஏமாற்றாது.

'சிக்னல்' 16 எபிசோடுகள். பழைய வாக்கி-டாக்கி வழியாக 2015-இல் இருப்பவர் கடந்தகாலத் துப்பறிவாளருடன் பேசுகிறார். ஹ்வாசோங்கின் சாயல் முதல் 4 எபிசோடுகளுக்குள் வந்துவிடும். நேரமில்லாதவர்கள் அதுவரை பார்த்தாலே போதும். முன்கூட்டியே எச்சரித்து ஓர் உயிரைக் காப்பாற்றினாலும் வேறு உயிர் போகலாம் என்பதைத் தொடர் அழுத்தமாகக் காட்டுகிறது. கற்பனைக் கருவி என்பதற்காக ஒதுக்கிவிடாதீர்கள்.

நிஜ வழக்கில், 2019-இல் டி.என்.ஏ. பொருந்தி லீ சுன்-ஜே சிக்கினார். மைத்துனியைக் கொன்ற வழக்கில் அப்போதே ஆயுள் தண்டனையில் இருந்தவர். ஹ்வாசோங்கின் 10 உட்பட 14 கொலைகளை ஒப்புக்கொண்டார். கொலைகாரனின் ரத்தம் 'பி' வகை என்று போலீஸ் நம்பியது, அவருடையது 'ஓ'. 8-ஆவது கொலைக்காகப் பொய்யாகத் தண்டிக்கப்பட்ட மனிதர் சுமார் 20 ஆண்டு சிறையிலிருந்து, 2020-இல்தான் குற்றமற்றவர் என்று தீர்ப்புப் பெற்றார். கொலைக்கான காலவரம்பை கொரியா 2015-இல் நீக்கியது. ஆனால் ஹ்வாசோங்கின் கடைசி வழக்குக்கு அது 2006-இலேயே முடிந்திருந்ததால் லீ மீது இந்தக் கொலைகளுக்கு வழக்குத் தொடர முடியவில்லை.

இவ்வளவும் தெரிந்த பிறகு போங்கின் படத்தை இன்னொரு முறை போடுங்கள். முதல் தடவை பதற வைத்தது யார் கொலைகாரன் என்ற கேள்வி. இம்முறை பதற வைப்பது, அந்த விசாரணை அறையில் அடிவாங்கும் ஒவ்வொரு முகமும்.