‘ஆத்தா ஊட்டுறேன்’ என்பதா, ‘நான் ஊட்டுறேன்’ என்பதா?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து நகரத்தார் வீடுகளில், வளவில் (உள்முற்றத்தில்) தவழும் குழந்தையிடம் தாய் ‘ஆத்தா சோறு ஊட்டுறேன், வா’ என்றும், தந்தை ‘அப்பச்சி தூக்குறேன்’ என்றும் சொல்வது பழகிய வழக்கம். இளம் பெற்றோர் சிலர் ‘நான்’ என்றே பேச விரும்புகின்றனர்.

‘நான்’ என்பது பேசுபவருக்கேற்ப ஆள் மாறும் சொல். அப்பத்தா சொன்னால் அப்பத்தாவையும், ஆத்தா சொன்னால் ஆத்தாவையும் அது குறிப்பதால், அதைப் பிடித்துக்கொள்ளக் குழந்தைக்குப் பொதுவாக இரண்டு, மூன்று வயதாகிறது. உறவுப்பெயரில் இந்தக் குழப்பம் இல்லை. ஐயாவும் (தாத்தா) ஆயாவும் (தாயின் அம்மா) வந்துபோகும் வீட்டில் இது பெரிய உதவி.

உறவுப்பெயரிலேயே பேசினால் பிள்ளை ‘நான்’ சொல்லத் தாமதமாகுமே என்ற அச்சம் தமிழில் அவ்வளவாகப் பொருந்தாது. ‘ஆத்தா ஊட்டுறேன்’ என்பதில் எழுவாய் உறவுப்பெயராக இருந்தாலும், வினைமுற்றின் ‘ஏன்’ விகுதி பேசுபவரே செய்கிறார் என்பதைக் காட்டிவிடுகிறது. ‘ஆத்தா ஊட்டுவா’ என்று முழுக்கப் படர்க்கையில் பேசுவதைத்தான் நான் தவிர்க்கச் சொல்வேன்.

ஆகவே தொடக்கத்தில் உறவுப்பெயரே மேல். பிள்ளை ‘எனக்கு வேணும்’ என்று கேட்கத் தொடங்கியதும் ‘நான்’ தாராளமாகக் கலக்கலாம். வெளியூரில் தனிக்குடித்தனம் இருப்போர், ஆத்தா, அப்பச்சி என்று சொல்லிக்காட்ட வேறு ஆள் இல்லாததால், தாமே சொன்னால்தான் அந்தப் பெயர்கள் பிள்ளையின் வாயில் ஏறும்.