ஆற்றில் இறங்கும் ஜீப்: கனெக்டருக்கு கிரீஸா, சிலிக்கானா?

தார் ஜீப்புக்கு மஹிந்திரா சொல்லும் நீராழ வரம்பு 650 மி.மீ. அதற்குள் ஓட்டினாலும் ஈரம் புகலாம். சூடான கனெக்டர் (ஒயர்களை இணைக்கும் பிளக்) தண்ணீரில் சட்டென்று குளிரும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி, தேய்ந்த ரப்பர் சீல் வழியே நீரை இழுத்துவிடும்.

இதைத் தடுக்க டைஎலக்ட்ரிக் கிரீஸ் (மின்சாரம் கடத்தாத கிரீஸ்) பூசலாம், அல்லது சிலிக்கான் பசையால் அடைக்கலாம்.

செலவு: இரண்டுமே பெரிதாகக் கடிக்காது.

கழற்றுவது: டைஎலக்ட்ரிக் கிரீஸ் பூசியது சுலபமாகக் கையோடு வரும். சிலிக்கானைக் கத்தியால் கீற வேண்டும், ஒயர் அறுபடும் அபாயமுண்டு.

உழைப்பு: சிலிக்கான் பல வருடம் நிற்கும். கிரீஸை மழைக்காலத்துக்கு முன் புதுப்பிக்க வேண்டும். அப்புறம், வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கான் வேண்டவே வேண்டாம். அதன் அமிலம் செம்பை அரித்துவிடும்.

சென்சார், ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) கனெக்டர்களுக்குக் கண்டிப்பாக கிரீஸ்தான். கழற்றவே தேவையில்லாத கூடுதல் விளக்கு இணைப்புகளுக்கு மட்டும் நியூட்ரல் சிலிக்கான் (வினிகர் வாடை இல்லாதது) சரி.