ஓகஸ்டில் யாழ்ப்பாணம் போறவை முதலில் படகை யோசியுங்கோ

கனடா, லண்டன் பிள்ளையளின்ர பள்ளி விடுமுறையும் நல்லூர்த் திருவிழாவும் கிட்டத்தட்ட ஒரே காலத்தில வரும். சோளகம் எண்ட தென்மேற்குக் காத்து வீசிக் கடல் கொந்தளிக்கிறதும் அப்பதான். வருசக்கணக்காக ஊரைக் கனவு கண்டு வாறவை வான் ஒண்டைப் பிடிச்சு, கோட்டை, நூலகம், நல்லூர், நயினாதீவு, நெடுந்தீவு எல்லாத்தையும் இரண்டு நாளுக்குள்ள அடைக்கப் பாக்கினம். அதில முதலில் குழம்பிறது நெடுந்தீவுதான். அதுக்கு முழு நாள் ஒண்டை ஒதுக்கிப்போட்டு, மற்றதுகளைப் பிறகு பாருங்கோ.

யாழ் பஸ் நிலையத்திலிருந்து 776 பஸ், தீவுகளுக்குப் படகு ஏறுற குறிகட்டுவான் துறைக்குப் போகும். பண்ணை, வேலணை, புங்குடுதீவு எண்டு சுத்திப் போக ஒரு மணித்தியாலத்துக்கு மேல பிடிக்கும். நயினாதீவுக்குக் கால் மணித்தியாலக் கடல், படகும் அடிக்கடி உண்டு. போயா எண்ட பௌர்ணமி நாளிலும் சனி ஞாயிறிலும் தெற்கிலிருந்து யாத்திரிகர் வாறதால வரிசை நீளும். நெடுந்தீவுக்கு ஒரு மணித்தியாலம். படகு ஒரு நாளைக்குச் சிலதுதான், நேரமும் மாறும். முதல்நாளே விசாரிச்சு, விடியப் போற படகையே பிடியுங்கோ. வெய்யில் ஏற ஏறக் காத்தும் ஏறும்.

துறையில படகுகள் பக்கத்துக்குப் பக்கம் கட்டி நிக்கும். ஒண்டைத் தாண்டி மற்றதுக்குள்ள கால் வைக்கவேண்டி வரலாம். அலை தூக்கி இரண்டு விளிம்பும் சமமாகிற நேரம் பாத்து, படகுக்காரர் நீட்டுற கையைப் பிடிச்சு அடி வையுங்கோ. வயது போனவையைத் தள்ளி அவசரப்படுத்தினால் அந்த இடைவெளிக்குள்ளதான் கால் போகும். உள்ளே டீசல் மணமும் புழுக்கமும். வயிறு புரட்டுற ஆக்கள் வாசலடியில இருக்கிறது நல்லது. மிதவை அங்கியைக் கையில வைச்சிராமல் போடுங்கோ.

இறங்க முதல், திரும்புற கடைசிப் படகு எத்தினை மணிக்கு எண்டு படகுக்காரரிட்டயே கேளுங்கோ. தீவுக்குள்ள ஓட்டோ பேசேக்க, காத்து நிக்கிற நேரத்தையும் சேத்து மொத்தமாக விலை பேசவேணும். பெருக்கு மரம் (பாவோபாப்), புறாக்கூடு, குதிரையள், பழைய கோட்டைச் சிதைவு எல்லாம் பாக்க மூண்டு நாலு மணித்தியாலம் தேவை. கல்வேலியில ஏறி நிண்டு படம் எடுக்காதேங்கோ. சாந்து இல்லாமல் அடுக்கின முருகைக்கல், சரிஞ்சு விழும். நல்ல தண்ணி அங்க அரிது, ஆளுக்கு இரண்டு லீற்றர் கொண்டுபோங்கோ.

யாழ்ப்பாணக் கோட்டைக்கு இன்னொரு நாள் பின்னேரம் நாலரைக்குப் பிறகு போனால் போதும், மதில் மேல நிழலே இல்லை. 1658இல் போர்த்துக்கேயரிட்டயிருந்து பிடிச்ச ஒல்லாந்தர்தான் அதை ஐங்கோணமாக்கினவை. உள்ளே இருந்த 1706ஆம் ஆண்டுத் தேவாலயம் போரில போச்சு. அத்திவாரக் கல்லுகளைத் தேடித்தான் பாக்கவேணும்.

நல்லூரில ஆம்பிளையள் மேற்சட்டை கழட்டவேணும், உள்ளே படம் எடுக்கேலாது. பூசை சொன்ன நேரத்துக்கு நடக்கும், ஐஞ்சு நிமிசம் பிந்தினால் உங்கட பிழை. அர்ச்சனைச் சீட்டு இப்பவும் ஒரு ரூபாதான். டொலர் மாத்துற இடத்திலயே ஒரு ரூபாக் குத்தி கொஞ்சம் கேட்டு வாங்குங்கோ.