கயா என்றால் எந்தக் கயா என்று கேட்டுவிட்டுக் காசைக் கட்டுங்கள்

அப்பாவின் ஆட்டைத்திவசம் முடிந்த கையோடு காசிக்கும் கயாவுக்கும் போகவேண்டும் என்று அம்மா பிடிவாதமாக நின்றார். கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு பயண முகவரிடம் ஆளுக்கு 2 இலட்சத்து 35 ஆயிரம் இலங்கை ரூபாய் கட்டினேன். பெயர் இங்கே வேண்டாம். தந்த தாளில் "காசி, சாரநாத், கயா" என்று அழகாக அச்சடித்திருந்தது. பற்றுச்சீட்டு கேட்டதற்கு, "நாங்க என்ன ஓடியா போகப்போறம் அக்கா" என்று சிரித்தார், நானும் சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

கட்டுநாயக்கா விமான நிலையத்தில்தான் தெரிந்தது, எங்களோடு வருகிற மற்ற எல்லோரும் வெள்ளை உடுப்போடு தம்பதிவ யாத்திரை, அதாவது இந்தியாவின் பௌத்த தலங்களுக்குப் போகிற சிங்கள ஆட்கள். அருமையான மனிசர், அம்மாவின் பையை வழி முழுக்க அவர்கள்தான் தூக்கினார்கள். ஆனால் அவர்களுடைய பயணத்தில் மிஞ்சிய இரண்டு சீற்றில் முகவர் எங்களைச் செருகியிருக்கிறார், தாளில் கயா என்று எழுதியது புத்தர் ஞானம் பெற்ற புத்தகயாவை! பஸ் அங்குள்ள மகாபோதி விகாரை வாசலில் நின்றபோது, எள்ளும் மாவும் முடிந்து கொண்டுவந்த பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு அம்மா, "ஆறு எங்க பிள்ளை?" என்றார்.

பிண்டம் போடுகிற விஷ்ணுபாதம் கோயில் கயா நகருக்குள், பல்கு நதிக்கரையில் இருக்கிறது, புத்தகயாவிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர் வரும். "புரோகிராமில் இல்லை" என்று வழிகாட்டி கையை விரித்தார். சொந்தச் செலவில் கார் பிடித்துப் போனோம். அங்கே சடங்கு செய்துவைக்கும் புரோகிதரான பண்டாவிடம் தொகையை முன்கூட்டியே பேசாமல் உட்கார்ந்துவிடாதீர்கள். உள்ளங்கையில் தண்ணீரும் தர்ப்பையும் இருக்கும்போது, சங்கல்பத்துக்கு நடுவிலேயே "இத்தனை ஆயிரம் தானம் தருகிறேன்" என்று நம் வாயாலேயே சொல்லவைக்கிறார்கள், அப்பாவின் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது யாருக்குப் பேரம் பேச வாய் வரும்?

சாரநாத்தில் வேறு கூத்து. வெளிநாட்டவர் ரிக்கெட் என்று ஆளுக்கு 300 இந்திய ரூபாய் வழிகாட்டி வாங்கினார். கவுண்டர் பலகையை அப்புறம்தான் வாசித்தேன்: இலங்கையும் சேர்ந்த சார்க் (தெற்காசியக் கூட்டமைப்பு) நாட்டுக்காரருக்கு இந்தியர் கட்டணம்தான், 300இல் பத்தில் ஒரு பங்குகூட வராது. நம் பாஸ்போர்ட்டைக் காட்டினால் போதும். தாஜ்மகாலில் சார்க் விலை தனி.

காசி விஸ்வநாதர் கோயிலுக்குள் போன் விடமாட்டார்கள். வாசல் கடைகளில் "லொக்கர் இலவசம்" என்று கூப்பிடுவார்கள், சாவி கைக்கு வருவதற்கு முன்பே அர்ச்சனைத் தட்டு கைக்கு வந்துவிடும், அதன் விலையைக் கடைசியில்தான் சொல்வார்கள். போனை அறையிலேயே வைத்துவிட்டுப் போங்கள். அறையும் கங்கைக் கரையில் என்றுதான் முகவர் சொன்னார், கிடைத்தது ரயில் நிலையத்துப் பக்கம். மாலையில் படித்துறைப் பக்கம் வாகனம் விடாததால் முழங்கால் வலியோடு அம்மா நடந்தார். அங்கே நம்மவர்களுக்கு நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரம் இருக்கிறது, முதலில் அதை விசாரியுங்கள்.

முகவர் இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிந்தவரா என்று பாருங்கள், கோயில் பெயர்களைத் தாளில் ஒவ்வொன்றாக எழுதி வாங்குங்கள்.

திரும்பி வந்து முகவரின் மாடியேறிப் போய்க் கேட்டேன். "கயா காட்டினதுதானே அக்கா" என்றார். தாளிலும் அப்படித்தான் இருக்கிறது.